மனோர் பார்க்கில் அந்தோனியார் அப்பம்

ஹீத்ரோவில் என் பெட்டியைத் திறந்த அதிகாரி முதலில் வெளியே எடுத்தது மண். சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டு நூலால் கட்டிய கடற்கரை மண். அடுத்து ஒரு எண்ணெய்க் குப்பி. அடுத்து பாதி எரிந்த மெழுகுவர்த்தி ஒன்று. கடைசியாக எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அதற்குள் மஞ்சள் துணியில் சுற்றிய அப்பங்கள், அதாவது சிலுவை போட்ட சின்ன உருண்டை ரொட்டிகள். எல்லாவற்றையும் மேசைமேல் வரிசையாக அடுக்கிவிட்டு, "இதையெல்லாம் வைத்து என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். தமிழில் கேட்டிருந்தாலே நான் திணறியிருப்பேன். "எண்ணெயைத் தடவுவோம், ரொட்டியைத் தின்போம்" என்றேன்.

"மண்ணை?"

"சிலர் அதையும்..." என்று தொடங்கி வாயை மூடிக்கொண்டேன். அவர் முகம் மாறிவிட்டது. பக்கத்து மேசையில் இருந்த தலைப்பாகை கட்டிய சீக்கிய அதிகாரியைக் கூப்பிட்டார். அவர் வந்து டிபன் பாக்ஸுக்குள் எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பிரசாதமா?" என்றார்.

எங்கள் பங்குச் சாமியார் கேட்டிருந்தால் அங்கேயே மயங்கி விழுந்திருப்பார். பெட்டியோடு ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் நான், "ஆமாம், பிரசாதம்" என்றேன். பெட்டி மூடப்பட்டது. பதினாறாம் வயதிலிருந்து ஞாயிறு பூசை தவறாத ஒரு தூத்துக்குடிக் கத்தோலிக்கன் இப்படித்தான் 2009 ஜனவரி கடைசியில் லண்டனுக்குள் நுழைந்தான்.

என்னை அனுப்பியவள் என் மனைவி பிலோமினா. அவளுடைய கடைசித் தங்கை ஸ்டெல்லா, கணவன் ஆல்பர்ட்டோடு லண்டனில் இருக்கிறாள். கல்யாணமாகி வெகுநாள் கழித்துக் கர்ப்பம். இதற்கு முன் இரண்டு முறை தங்கவில்லை. இந்த முறை ரத்த அழுத்தம் ஏறிவிட்டதால் முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் என்று டாக்டர் நாள் குறித்தார். செவ்வாய் அந்தோனியாருக்குரிய நாள். உடனே ஸ்டெல்லா, எங்கள் கடற்கரை அந்தோனியார் கோயிலின் நேர்ச்சை அப்பம் வேண்டும் என்று போனில் அழுதிருக்கிறாள்.

கூரியரில் அனுப்ப முடியாது. வீட்டு ஆள் ஒருவர் செருப்பில்லாமல் கோயிலுக்கு நடந்துபோய், மந்திரித்த அப்பத்தை வாங்கி, கையோடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பிலோமினாவுக்கு முழங்கால் வலி. ஆகவே தபால் ஆபீசில் முப்பது வருடம் மற்றவர்களின் பார்சலை அனுப்பிக்கொண்டிருந்த நானே பார்சலோடு போகும்படி ஆயிற்று. "விமானத்துல போனா நடந்து போன மாதிரி ஆகுமா?" என்று கேட்டேன். "அப்பப்ப எந்திரிச்சி நடங்க" என்றாள். நடந்தேன். விமானப் பணிப்பெண் வந்து, வயிற்றுக்கு ஏதாவது செய்கிறதா என்று மெதுவாக விசாரித்தாள்.

"அங்க போனதும் உங்க இஷ்டத்துக்கு எதுவும் செய்யாதீங்க. ஸ்டெல்லா என்ன சொல்றாளோ அதச் செய்யுங்க" என்பது பிலோமினாவின் கடைசி உத்தரவு. அதன் முழு அர்த்தம் எனக்குத் திங்கட்கிழமைதான் புரிந்தது.

ஆல்பர்ட்டின் வீடு மனோர் பார்க்கில். தெரு முழுக்க வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ரயில் பெட்டிகளைப்போல நிற்கின்றன. தெருமுனைக் கடையில் முருங்கைக்காய் இருக்கிறது, நெத்திலிக் கருவாடு இருக்கிறது, எங்கள் ஊரில் இப்போது கிடைக்காத பழைய பிராண்டு பல்பொடிகூட இருக்கிறது. ஆனால் கடைக்குப் போகும்போது அணிய வேண்டிய உடுப்புகளை மாட்டி முடிப்பதற்குள் எதை வாங்கப் புறப்பட்டோம் என்பது மறந்துவிடுகிறது.

வீட்டின் கீழ்ப்பகுதியில் வீட்டுக்காரர் கமலாக்கா இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர். கணவரோடு ஜெர்மனியில் வெகுகாலம் இருந்துவிட்டு, அவர் காலமான பிறகு மகன் பக்கத்தில் இருக்கலாம் என்று லண்டன் வந்தவர். மகன் சட்டன் பக்கம் வீடு வாங்கிப் போய்விட்டான். சர்ச் ரோடு முருகன் கோயிலுக்கு நடந்து போகலாம் என்பதற்காக இவர் நகர மறுத்துவிட்டார். அவர் என்னை அண்ணை என்றார், நான் அவரை அக்கா என்றேன். எங்களில் யார் மூத்தவர் என்பதைக் கடைசிவரை இருவரும் விசாரிக்கவில்லை.

சமையலறை இரண்டு வீட்டுக்கும் பொது. டிபன் பாக்ஸை அங்கே ஜன்னலோரம் குளிர்ச்சியாக வைத்தேன். கமலாக்கா அன்று புட்டும் சொதியும் கொடுத்தார். சொதி என்றதும் எனக்குத் திருநெல்வேலிக் கல்யாண வீட்டுச் சொதி, உருளைக்கிழங்கு சிப்ஸ், இஞ்சிப் பச்சடி எல்லாம் நினைவுக்கு வந்து நாக்கு ஊறிற்று. வந்தது தேங்காய்ப்பாலில் வெங்காயமும் பச்சை மிளகாயும் மிதக்கும் மஞ்சள் தண்ணீர். முகத்தில் காட்டிக்கொள்ளாமல் புட்டின்மேல் ஊற்றினேன். மூன்றாவது கவளத்தில் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இன்னும் கொஞ்சம் சொதி வாங்கினேன். அவர் அறையில் தொலைக்காட்சியில் வன்னிச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. நான் தட்டோடு உள்ளே போனதும் அணைத்துவிட்டார். "சாப்பிடேக்க வேண்டாம் அண்ணை" என்றார்.

மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்டெல்லாவை அவளுடைய திருமணத்துக்குப் பிறகு அப்போதுதான் பார்க்கிறேன். கல்யாணத்தன்று மாப்பிள்ளையையே கேலி செய்துகொண்டிருந்த பெண், படுக்கையில் போர்வை நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"அத்தான், அப்பம் பத்திரமா இருக்கா?"

"பத்திரமா இருக்கும்மா."

"திங்கக்கிழமை கொண்டு வாங்க. அதுல ஒரு வேல இருக்கு, அன்னைக்குச் சொல்றேன். அதச் சாப்பிட்டுட்டா மறுநாள் வரைக்கும் வேற எதுவும் சாப்பிடக் கூடாதில்லையா, ஆபரேஷனுக்கும் அதான சொல்றாங்க." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அது இல்லாம என்னைய உள்ள கொண்டு போயிட்டா நான் பயத்துலயே செத்துருவேன் அத்தான்" என்றாள். பயம் என்னையும் தொற்றிக்கொண்டது.

ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் ஆல்பர்ட் ஆஸ்பத்திரிக்குப் போனான். கணவனைத் தவிர மற்றவர்களுக்குப் பார்வையாளர் நேரம் சாயங்காலம்தான் என்பதால் என்னை அருங்காட்சியகம் பார்த்துவிட்டு வரச் சொன்னான். ஸ்டேஷனுக்குப் போனால் தண்டவாளத்தில் வேலை, ரயில் இல்லை, பதிலுக்குப் பேருந்து விட்டிருக்கிறார்கள் என்றார்கள். அந்தப் பேருந்து ரயில் போகாத இடமெல்லாம் போயிற்று. பக்கத்து இருக்கையில் இருந்த வெள்ளைக்காரக் கிழவர், "ஒவ்வொரு ஞாயிறும் இதே கதைதான்" என்று பெருமையோடு சொன்னார். நம் ஊராக இருந்தால் இதற்குள் டிரைவரோடு ஒரு சண்டை நடந்திருக்கும். இங்கே எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதோடு சரி.

அருங்காட்சியகத்தில் மம்மிகளைப் பார்க்க ஒரே நெரிசல். ஒதுங்க இடம் தேடி ஒரு சின்னக் கூடத்துக்குள் நுழைந்தேன். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் என் பெட்டி இருந்தது.

அப்படித்தான் எனக்குத் தோன்றியது. உள்ளங்கை அளவில் ஒரு மண் குப்பி. அதன் நடுவில் கைகளை விரித்தபடி ஒரு புனிதர், இரண்டு பக்கமும் மண்டியிட்ட ஒட்டகங்கள். எகிப்துப் பாலைவனத்தில் அவருடைய கல்லறைக்குப் போன ஆதிக் கிறிஸ்தவர்கள் எண்ணெயோ தண்ணீரோ நிரப்பி வீட்டுக்குக் கொண்டுபோனது என்று எழுதியிருந்தது. இப்படிப்பட்ட குப்பிகள் இந்த இங்கிலாந்து மண்ணில்கூடக் கிடைத்திருக்கின்றனவாம். அதற்குப் பக்கத்தில் நாணயம்போல ஒரு சுட்ட மண் வில்லை. சிரியாவில் ஒரு தூணின்மேல் ஏறிய துறவி வருடக்கணக்காக இறங்கவே இல்லை. அந்தத் தூணடி மண்ணில் செய்த வில்லை அது. சீக்கு வந்தால் பொடித்துக் கரைத்துக் குடித்திருக்கிறார்கள். இன்னொரு மூலையில் ஒரு முத்திரை. மாவின்மேல் அதைக் குத்தி, ரொட்டி சுட்டு, மந்திரித்து, வந்தவர்களுக்குக் கொடுத்தனுப்பினார்களாம்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் எவனோ ஒருவன் மனைவி சொல்லைத் தட்ட முடியாமல் மண்ணும் எண்ணெயும் ரொட்டியும் சுமந்துகொண்டு கடல் கடந்து இந்தத் தீவுக்கு வந்திருக்கிறான். அவனை எந்த அதிகாரி சோதித்தாரோ. சந்தோஷம் தாங்காமல் பக்கத்தில் நின்ற காவலரிடம், "எங்கள் வீட்டிலும் இதே மாதிரி ஒன்று இருக்கிறது" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். "உண்மையாகவா? எங்கிருந்து வாங்கினீர்கள்?"

"கோயில் வாசல் கடையில். போன வாரம்."

அவர் மரியாதையாகச் சிரித்துவிட்டு, நான் கூடத்தைவிட்டு வெளியேறும்வரை எனக்குப் பின்னாலேயே வந்தார்.

வீடு திரும்பியபோது பனி தூறத் தொடங்கியிருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்க்கிறேன். கையை நீட்டிப் பிடித்து மகிழ்ந்துவிட்டு, தேநீர் போடலாம் என்று சமையலறைக்குப் போனேன். ஜன்னலோரம் டிபன் பாக்ஸ் இருந்தது. பளபளவென்று விளக்கித் துடைத்துக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"அக்கா, இதுல இருந்த அப்பம்?"

கமலாக்கா சாவதானமாக வந்தார். "அந்தப் பணிஸோ?" என்றார். அவர் ஊரில் பன்னுக்கு அதுதான் பெயர். "அது காஞ்சு கல்லாப் போச்சு அண்ணை. ரெண்டொண்டில பச்சையாயும் பிடிச்சிருந்தது. பாவம் ஆல்பர்ட் தம்பி, பெண்சாதி ஆஸ்பத்திரியில, கவனிக்க ஆளில்லை எண்டு நினைச்சன். சாப்பாட்டுச் சாமானைக் குப்பையில போடுறது பாவமெல்லே. குளத்தடிக்குக் கொண்டுபோய் வாத்துகளுக்குப் போட்டுட்டன். இந்தக் குளிருக்கு அதுகளும் பட்டினி."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அது என்னவென்று சொன்னேன். கமலாக்காவின் முகம் வெளிறிவிட்டது. "ஐயோ முருகா!" என்று சாமியறைக்கு ஓடிப்போய் நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு வந்தார். எனக்கும் பூசினார். வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நான் இல்லை.

"அந்தோனியார் மீன்களுக்கே பிரசங்கம் செஞ்சவருக்கா. வாத்து தின்னா கோவிச்சுக்க மாட்டாரு" என்றேன். அவர் கோவிக்க மாட்டார் சரி. ஸ்டெல்லாவிடம் யார் போய்ச் சொல்வது? பிலோமினாவிடம்? அன்று ராத்திரி அவள் போன் செய்தபோது லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் மிகத் தெளிவாக இருந்தது.

தெருமுனைக் கடையில் எனக்கு ஒரு வழி கிடைத்தது. அலமாரி நிறையச் சிலுவை போட்ட பன். பெரிய வெள்ளிக்கிழமைக்கு இந்த ஊரில் சாப்பிடுவதாம். தவக்காலமே இன்னும் தொடங்கவில்லை, அதற்குள் குவித்துவிட்டார்கள். உருண்டை, சிலுவை, அளவு எல்லாம் ஏறக்குறைய நம் அப்பம்தான். ஒரு பாக்கெட் வாங்கினேன். பயத்தில் இருக்கும் பெண்ணுக்கு எந்த மாவு என்று எப்படித் தெரியப்போகிறது?

திங்கட்கிழமை விடிந்தபோது தெருவைக் காணோம். கார்கள் வெள்ளை மேடுகளாக இருந்தன. ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்ட ஆல்பர்ட் போன் செய்தான். "அண்ணே, லண்டன் முழுக்க ஒரு பஸ்கூட ஓடல. நீங்க வராதீங்க. இவகிட்ட நான் எதாவது சொல்லிச் சமாளிக்கிறேன்" என்றான். பின்னால் ஸ்டெல்லாவின் அழுகுரல் கேட்டது. நம் ஊரில் புயலடித்து மரம் விழுந்து கிடந்தாலும் நடுவில் ஒரு மினி பஸ் வந்துவிடும். உலகத்தையே ஆண்ட ஊர் கணுக்கால் அளவு பனிக்குப் படுத்துவிட்டது.

"நடந்து போறேன்" என்றேன்.

"நானும் வாறன்" என்றார் கமலாக்கா. "நான் அந்தப் பிள்ளையிட்ட நேர மன்னிப்புக் கேக்க வேணும்."

"மன்னிப்பெல்லாம் பிறகு கேட்டுக்கலாம்க்கா. இப்ப வாயே திறக்கக் கூடாது. நான் வேற அப்பம் வச்சிருக்கேன்."

அவர் பன் பாக்கெட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சரி, ஒண்டும் சொல்ல மாட்டன்" என்றார். காலஞ்சென்ற கணவரின் ஜெர்மன் பூட்ஸைச் சேலைக்குக் கீழே மாட்டினார். எனக்கும் ஒரு ஜோடி கொடுத்தார். புறப்படும்போது துவைக்கும் கூடையைக் கிளறி, அப்பம் சுற்றியிருந்த மஞ்சள் துணியை எடுத்தார். "இன்னும் தோய்க்கேல்லை. உங்கட சாமியின்ர துணி, கையில வச்சிருங்கோ." உள்ளே பார்க்காமல் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அந்த நடையை நான் மறக்க மாட்டேன். பார்த்துப் பார்த்துக் கால் வைத்தும் மூன்று முறை விழுந்தேன். கமலாக்கா ஒருமுறைகூட விழவில்லை. "ஜெர்மனியில இதைவிடக் கூடக் கொட்டும்" என்று சொல்லிக்கொண்டே முன்னால் போனார். பள்ளிக்கு விடுமுறை கிடைத்த பிள்ளைகள் எறிந்த பனிப்பந்து ஒன்று என் காதில் வெடித்தது. வழியில் தூணடி மண்ணைக் கரைத்துக் குடித்த கதையைச் சொன்னேன். "இதில என்ன அதிசயம்? நாங்கள் விபூதியை வாயில போடுறம்தானே" என்றார் அவர். கொஞ்ச தூரம் போனோம். பிறகு அவராகவே, "உங்கட அந்தோனியார் துலைஞ்சதைத் தேடித் தருவாராமே அண்ணை? வன்னியில என்ர தம்பி இருக்கிறான். ரெண்டு மாசமாக் கதை இல்லை" என்றார். நான் "கேட்டுப் பாக்கிறேன்க்கா" என்றேன். கேட்கவும் செய்தேன்.

ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்த நர்ஸ், "நடந்தா வந்தீர்கள்?" என்று வாயைப் பிளந்தாள். வார்டில் அன்றைக்கு வேறு பார்வையாளரே இல்லை. ஸ்டெல்லா எழுந்து உட்கார்ந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. நான் பாக்கெட்டிலிருந்து முன்கூட்டியே எடுத்து வைத்த பன்னைக் கம்பீரமாக நீட்டினேன்.

அவள் வாங்கி முத்தமிட்டாள். முகர்ந்தாள். நிதானமாகப் பிட்டாள்.

"அத்தான், நம்ம அந்தோனியார் எப்பத்துல இருந்து திராட்சை போடுறாரு?"

நான் பதில் தேடுவதற்குள் பக்கத்தில் ஒரு விம்மல். "பிள்ளை, நான்தான் உங்கட பணிஸை வாத்துக்குப் போட்டுட்டன்" என்று கமலாக்கா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டார். ஆல்பர்ட் தரையைப் பார்த்தான். ஸ்டெல்லா பன்னைக் கையில் வைத்தபடி அசையாமல் இருந்தாள்.

"எல்லாத்தையுமா?" என்றாள்.

"ஓம் பிள்ளை."

"பசியோட தின்னுச்சா?"

"அடிபட்டுத் திண்டதுகள்."

ஸ்டெல்லாவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"அத்தான், நேர்ச்சை அப்பம் மொதல்ல யாருக்கு? நான் ஒத்தையாத் திங்கிறதுக்கா? பசிச்சவங்களுக்குக் குடுக்கணும். மிஞ்சினதுதான் நேந்தவங்களுக்கு. லண்டன்ல அத யாருகிட்டக் குடுப்பேன்? ஆல்பர்ட் ஏழைகளுக்குச் சாப்பாடு போடுற எடத்துக்குப் போயிக் கேட்டாரு. தேதி ஒட்டாத ரொட்டிய வாங்க மாட்டாங்களாம். இங்க ஒரு நர்ஸ்கிட்டக் கேட்டேன், மனநல டாக்டரப் பாக்குறீங்களான்னா. இன்னைக்கு உங்கள விட்டு எங்கயாவது குடுக்கச் சொல்லணும்னு இருந்தேன். எப்பிடி நடக்கப்போகுதுன்னுதான் அத்தான் இத்தன நாளா எனக்கு நடுக்கம்." பிறகு கமலாக்காவின் கையைப் பிடித்தாள். "நீங்க நேத்தே குடுத்து முடிச்சிட்டீங்கக்கா."

எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம் அது. செவ்வாய்தோறும் கோயில் வாசலில் வரிசையில் நின்று அந்த அப்பத்தை வாங்கித் தின்று வளர்ந்தவன் நான். கடல் கடந்ததும் அதை மாத்திரை மாதிரி பொத்திப் பொத்தி வைத்திருக்கிறேன்.

"ஆனா மிச்சம் வேணுமே" என்றாள் ஸ்டெல்லா. சிரிப்பு மெல்ல அடங்கி, பழைய பயம் எட்டிப் பார்த்தது.

அப்போதுதான் துணி நினைவுக்கு வந்தது. எடுத்துப் படுக்கையில் விரித்தேன். மடிப்புகளில் துகள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஸ்டெல்லா விரலை நனைத்து ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்து வாயில் வைத்தாள். ஒன்றைக் கமலாக்காவிடம் நீட்டி, "வன்னிச் சேதி எனக்கும் தெரியும்க்கா. இது உங்க தம்பிக்காக" என்றாள். அவர் அதை விபூதியைப் போலவே அண்ணாந்து வாயில் போட்டுக்கொண்டார். ஸ்டெல்லாவின் கையைப் பார்த்தேன். போர்வை நுனியைச் சுருட்டவில்லை. காலையிலிருந்து பட்டினி கிடந்த ஆல்பர்ட் அதற்குள் சிலுவை போட்ட பன் பாக்கெட்டைக் காலி செய்திருந்தான்.

மறுநாள் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். செய்தி வந்ததும் கமலாக்கா ஒரு முழு ரொட்டியோடு குளத்துக்குக் கிளம்பினார். நானும் போனேன். குளத்தில் பாதி உறைந்திருந்தது. வாத்துகள் அவரை அடையாளம் கண்டு பனிமேல் சறுக்கிக்கொண்டு ஓடிவந்தன. கரையில் கிடந்த ஓர் இறகை எடுத்துத் துடைத்து என்னிடம் கொடுத்தார். "உங்கட மனிசிக்குக் குடுங்கோ" என்றார்.

ஊர் திரும்பியபோது சென்னை விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்த அதிகாரி, மஞ்சள் துணியைப் பிரித்து, ஒரு வாத்து இறகையும் ஒரு பொட்டலம் விபூதியையும் வெளியே எடுத்தார். "என்ன சார் இது?" என்றார்.

"பிரசாதம்" என்றேன். இந்த முறை பயத்தில் சொல்லவில்லை.

வீட்டில் பிலோமினாவிடம் நடந்ததைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் இறகைக் கையில் எடுத்துவிட்டாள். "இது எந்தக் கோயில்ல குடுத்தது?"

"மனோர் பார்க்" என்றேன்.

அவள் அதைக் கண்களில் ஒற்றிக்கொண்டு, அந்தோனியார் சுரூபத்தின் காலடியில் வைத்தாள்.